ஃபேன்டஸி பிரீமியர் லீக்: கடைசி நாலு ஆட்டப் புள்ளியை வைத்து அடுத்த வாரத்தைக் கணிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: மதுரையில் ஒரு விடுதியில் 14 நண்பர்கள் சேர்ந்து எஃப்பிஎல் மினி லீக் ஆடுகிறார்கள். (எஃப்பிஎல் என்பது ஃபேன்டஸி பிரீமியர் லீக்கின் சுருக்கம்: இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து வீரர்களை, ஆட்டத்துக்குள் போட்ட விலைக்கு வாங்கி ஒரு கற்பனை அணி கட்டுவது. அவர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதற்கு ஏற்ப நமக்குப் புள்ளி. மினி லீக் என்பது நண்பர்களுக்குள் மட்டும் நடத்தும் தரவரிசை.) கேட்டவர் ஒவ்வொரு வாரமும் கடைசி 4 ஆட்டங்களில் அதிகப் புள்ளி எடுத்த வீரர்களை எக்செலில் வரிசைப்படுத்தி, மேலே இருப்பவர்களை அணியில் சேர்க்கிறார். 12 வாரம் முடிந்தபோது 13-ஆம் இடத்தில் இருக்கிறார். "புள்ளியியல் உண்மையிலேயே உதவுமா, இல்லை எல்லாம் அதிர்ஷ்டம்தானா? எக்செல் தெரியும், புரோகிராமிங் தெரியாது" என்கிறார்.

கணிக்கலாம் தம்பி. ஆனால் நீங்கள் வரிசைப்படுத்துகிற எண் கணிப்புக்கு உதவாத எண். ஒரு வீரரின் வாரப் புள்ளி என்பது பல சரக்கைச் சேர்த்துக் கட்டிய பொட்டலம். எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை வாய்ப்பு கிடைத்தது, அதில் எத்தனை வலைக்குள் போனது, எதிரே நின்ற அணி எது, போனஸ் யாருக்குப் போனது என்று எல்லாமே அதற்குள் கலந்து கிடக்கின்றன. பிரிக்காமல் மொத்த எடையை மட்டும் பார்த்தால் அடுத்த பொட்டலத்தில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது.

நாலு ஆட்டம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் வருகிற பாய்சான் பரவல் போதும் (சராசரி தெரிந்தால், ஒரு நிகழ்வு இத்தனை முறை நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் சூத்திரம்). ஃபார்வர்டு (முன்வரிசைத் தாக்குதல் வீரர்) ஒருவரின் உண்மையான திறன் ஆட்டத்துக்கு 0.4 கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு ஆட்டத்தில் சராசரி 1.6 கோல். அந்த நாலிலும் அவர் ஒரு கோல்கூட அடிக்காமல் போக வாய்ப்பு 20 சதவீதம். அதே நாலில் 3 அல்லது அதற்கு மேல் அடிக்க வாய்ப்பு 22 சதவீதம். திறன் மாறவே இல்லை, ஆள் ஒருவர்தான். இப்படி ஒரே தரத்தில் 50 பேர் இருந்தால், எந்த நாலு வாரத்தை எடுத்தாலும் பத்துப் பதினோரு பேர் "செம ஃபார்ம்" என்றும், பத்துப் பேர் "முடிஞ்சு போச்சு" என்றும் தெரிவார்கள். உங்கள் எக்செல் அந்த முதல் கூட்டத்தைத் துல்லியமாகப் பொறுக்கி எடுக்கிறது. அடுத்த வாரம் அவர்கள் தங்கள் வழக்கமான 0.4-க்குத் திரும்பும்போது உங்களுக்கு ஏமாந்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்று எதிரணி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளன்று மல்லிகை விலை ஏறுவது பூ அன்றைக்குத் திடீரென்று மணக்க ஆரம்பித்ததால் இல்லை. தொடர்ந்து மூன்று பலவீனமான அணிகளைச் சொந்த மைதானத்தில் சந்தித்த ஃபார்வர்டின் புள்ளியும் முகூர்த்த விலைதான். அதைக் கொடுத்து வாங்குகிறவர் மறுநாள் விற்க வேண்டியிருக்கும்.

சரி, பொட்டலத்தைப் பிரிப்போம். எதற்கு எவ்வளவு என்பதை 2025-26 பருவ விதிப்படி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 60 நிமிடத்துக்குக் குறைவாக ஆடினால் 1, 60-ஐத் தொட்டால் 2. கோலுக்கு ஃபார்வர்டு 4, மிட்ஃபீல்டர் (நடுவரிசை) 5, டிஃபென்டர் (தடுப்பு வரிசை) 6, கோல்கீப்பர் 10. அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்) 3. கிளீன் ஷீட் (அணி ஒரு கோல்கூட வாங்காதது) கோல்கீப்பருக்கும் டிஃபென்டருக்கும் 4, மிட்ஃபீல்டருக்கு 1, அதற்கும் 60 நிமிடம் ஆடியிருக்க வேண்டும். கோல்கீப்பருக்கும் டிஃபென்டருக்கும் அணி வாங்குகிற ஒவ்வொரு 2 கோலுக்கும் 1 குறையும். கோல்கீப்பரின் மூன்று சேவுக்கு (ஷாட்டைத் தடுப்பது) 1, பெனால்டியைத் தடுத்தால் 5, தவறவிட்டால் 2 குறைவு, மஞ்சள் அட்டைக்கு 1, சிவப்புக்கு 3 குறைவு. ஆட்டத்தின் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று போனஸ். அந்தப் பருவத்தில் புதிதாக வந்தது தடுப்பாட்டப் புள்ளி: டிஃபென்டர் கிளியரன்ஸ் (பந்தை அடித்து விலக்குவது), பிளாக் (ஷாட்டை மறிப்பது), இன்டர்செப்ஷன் (பாஸை இடைமறிப்பது), டாக்கிள் (எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது) நான்கும் சேர்த்து 10 தொட்டால் 2. மிட்ஃபீல்டருக்கும் ஃபார்வர்டுக்கும் இவற்றோடு பந்தை மீட்டெடுத்ததும் சேரும், எல்லை 12.

இந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகக் கணித்துக் கடைசியில் கூட்டுவதுதான் முறை. எதை முதலில் கணிப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கோலை முதலில் எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியது நிமிடம்.

அலங்காநல்லூரில் டோக்கன் வாங்கி, விடிய விடிய வரிசையில் நின்று, நேரம் முடிந்துபோய் வாடிவாசலுக்குள் நுழையாமலே வீடு திரும்புகிற காளைகள் உண்டு. அந்தக் காளையின் வேகத்தைக் கணக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது? பெஞ்சில் உட்காரப் போகிற வீரரின் கோல் விகிதமும் அப்படித்தான். கோல் விகிதத்தில் நீங்கள் பத்து சதவீதம் தவறினால் கால் புள்ளிகூடப் போகாது. "இறங்குவார்" என்று போட்டவர் இறங்கவில்லை என்றால் மொத்தமும் போகிறது.

நிமிடத்துக்கு ஒரே சராசரி எண் போடாதீர்கள். கடைசி ஆறு ஆட்டத்தில் 90, 90, 0, 90, 0, 90 என்று ஆடியவருக்கும், ஆறிலும் 60 நிமிடம் ஆடியவருக்கும் சராசரி ஒன்றுதான்: 60. புள்ளியில் இரண்டும் வேறு வேறு. அதனால் மூன்று கட்டங்களாகப் பிரியுங்கள்: தொடக்க அணியில் இறங்குவது, பெஞ்சிலிருந்து வருவது, வராமலே போவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்பு, மூன்றும் சேர்ந்து 1.

வாய்ப்பை எங்கிருந்து எடுப்பது? அவர் உடல்தகுதியோடு இருந்த கடைசி 8 லீக் ஆட்டங்களில் எத்தனையில் தொடங்கினார் என்று பாருங்கள். காயத்திலோ தடையிலோ இருந்த ஆட்டங்களை அந்த 8-இல் சேர்க்காதீர்கள், அது பயிற்சியாளரின் விருப்பத்தைக் காட்டாது. பிறகு கையால் திருத்துங்கள். வாரநடுவில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் இருந்தால், மாற்றி மாற்றி இறக்குகிற அணிகளில் குறையுங்கள் (குவார்டியோலாவின் பயிற்சியில் ஆடிய மான்செஸ்டர் சிட்டி வீரர்களை நம்பி அடிபட்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை). காயத்திலிருந்து திரும்பும் முதல் ஆட்டத்தில் தொடங்கினாலும் 60-ஐத் தாண்டுவது சந்தேகம். மஞ்சள் அட்டைக் கணக்கையும் வைத்திருங்கள். முதல் 19 லீக் ஆட்டங்களுக்குள் 5 மஞ்சள் வாங்கினால் ஒரு ஆட்டம் தடை, 32 ஆட்டங்களுக்குள் 10 வாங்கினால் இரண்டு. நாலு மஞ்சளோடு நிற்பவரை இந்த வாரக் கேப்டனாக்குவதில் (கேப்டனின் புள்ளி இரட்டிப்பாகும்) தப்பில்லை, அடுத்த வாரத்துக்கும் சேர்த்து அவரை வாங்குவதில்தான் யோசனை வேண்டும்.

2022-23 முதல் ஐந்து மாற்று வீரர்கள் வந்துவிட்டதால் ஃபார்வர்டுகளும் விங்கர்களும் (ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரர்கள்) எழுபது, எண்பது நிமிடத்தில் வெளியே வருவது சாதாரணம். "தொடங்கினால் 90" என்று போடுகிறவர்களின் எல்லாக் கணிப்பும் சற்றே ஊதிப்போய் நிற்கும். தொடங்கிய ஆட்டங்களில் அவர் ஆடிய சராசரி நிமிடத்தைத் தனியாக எடுங்கள்.

அடுத்தது வாய்ப்பின் தரம். ஒவ்வொரு ஷாட்டுக்கும், அது அடிக்கப்பட்ட இடம், கோணம், காலா தலையா, எப்படி வந்த பந்து என்பதைப் பார்த்து, அது கோலாகும் வாய்ப்பை 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு எண்ணாகத் தருவதுதான் எக்ஸ்ஜி (xG, எதிர்பார்க்கும் கோல்). பெனால்டிக்கு அது ஏறக்குறைய 0.76 முதல் 0.79. பாஸுக்கு அதே மாதிரி எக்ஸ்ஏ (xA, எதிர்பார்க்கும் அசிஸ்ட்). கோல் எண்ணிக்கையைவிட எக்ஸ்ஜி சீக்கிரம் நிலைபெறும், காரணம் எளிது: பருவத்துக்குப் பத்துக் கோல் அடிப்பவர் அதைப்போலப் பல மடங்கு ஷாட் அடித்திருப்பார். பத்து நிகழ்வைவிட அத்தனை நிகழ்வில் செய்தி அதிகம்.

எஃப்பிஎல் தளத்திலேயே 2022-23 முதல் ஒவ்வொரு வீரருக்கும் எக்ஸ்ஜி, எக்ஸ்ஏ தருகிறார்கள். அண்டர்ஸ்டாட் தளமும் இலவசமாகத் தருகிறது. இரண்டும் ஒரே எண்ணைச் சொல்லாது, மாதிரி வேறு. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வீரருக்கு இங்கிருந்தும் இன்னொருவருக்கு அங்கிருந்தும் எடுத்து ஒப்பிட்டால் கணக்கு கெட்டது. எஃப்பிஎல் தளத்தின் பூட்ஸ்ட்ராப்-ஸ்டாட்டிக் (bootstrap-static) என்ற முகவரியில் எல்லா வீரர்களின் தரவும் ஒரே கோப்பாகக் கிடைக்கும். எக்செலின் டேட்டா பகுதியில் "ஃபிரம் வெப்" கொடுத்து அந்த முகவரியை ஒட்டினால் உள்ளே வந்துவிடும், புரோகிராமிங் வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அந்தக் கோப்பில் இருப்பது இன்றைய நிலை. காய அறிவிப்பும் விலையும் நாளை மாறிவிடும். ஒவ்வொரு டெட்லைனுக்கு (அந்த வார அணியை மாற்றக் கடைசி நேரம்) முன்பும் ஒரு நகலைத் தேதி போட்டுச் சேமியுங்கள். பின்னால் உங்கள் முறையைச் சோதிக்க அந்த நகல்கள்தான் தேவை.

எடுத்த எக்ஸ்ஜியிலிருந்து பெனால்டிகளைக் கழித்துவிடுங்கள், ஒரு பெனால்டிக்கு 0.79 வீதம். 2023-24-இல் செல்சியின் கோல் பால்மர் (Cole Palmer) 22 கோல் அடித்தார், அதில் 9 பெனால்டி. அவரை 5.0 விலையில் தொடக்கத்திலேயே வைத்திருந்தவர்கள் 244 புள்ளி அள்ளினார்கள். ஆனால் அந்த 22-ஐ அப்படியே அடுத்த பருவத்துக்கு நீட்டியவர்களுக்குக் கிடைத்தது 15 கோல். பெனால்டி ஒரு தனி வருமானம், தனி வரியில் போட வேண்டியது. பிரீமியர் லீக்கில் பருவத்துக்கு ஏறக்குறைய 80 முதல் 110 பெனால்டி கிடைக்கிறது. 20 அணி, 38 ஆட்டம் என்று 760-ஆல் வகுத்தால் ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் 0.12 அளவு. அடிப்பவர் 100-க்கு 78 உள்ளே போடுவார், ஆட்டத்தின் 80 சதவீத நேரம் மைதானத்தில் இருப்பார் என்றால், ஒரு மிட்ஃபீல்டருக்குத் தவறவிடுவதற்கான கழிவும் போக வாரத்துக்கு 0.33 புள்ளி. பார்க்கச் சின்னது, பருவம் முழுக்க 12 புள்ளி. யார் பெனால்டி அடிக்கிறார் என்ற ஒரு தகவலுக்கு இது பெரிய விலை.

எக்ஸ்ஜியைவிட அதிகமாக அடிப்பவர்களை என்ன செய்வது? 2024-25-இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டின் கிறிஸ் வுட் 20 கோல் அடித்தார், அவரது எக்ஸ்ஜி அதைவிட வெகு கீழே. இப்படிப்பட்ட ஒரு பருவத்தைப் பார்த்ததும் "இவர் அபார ஃபினிஷர்" என்று முடிவு கட்டக்கூடாது. பல பருவம் தொடர்ந்து தன் எக்ஸ்ஜியைத் தாண்டியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். சோன் ஹியுங்-மின் அவர்களில் ஒருவர், 2021-22-இல் ஒரு பெனால்டிகூட இல்லாமல் 23 கோல். அந்த மாதிரி ஆளுக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டலாம். மற்றவர்களுக்கு எக்ஸ்ஜியே கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேட்டவருக்கு மிக அதிகமாக உதவக்கூடிய ஒரு படி. பருவத்தின் தொடக்கத்தில் யாருடைய எக்ஸ்ஜி விகிதத்தையும் அப்படியே நம்பாமல், அவரது நிலையில் ஆடுபவர்களின் சராசரியை நோக்கிச் சற்று இழுக்க வேண்டும். 1961-இல் ஜேம்ஸும் ஸ்டைனும் இதற்குக் கணித நிரூபணமே கொடுத்தார்கள்: பலரின் சராசரிகளை ஒரே நேரத்தில் மதிப்பிடும்போது ஒவ்வொருவரையும் தனித்தனியாக நம்புவதைவிட, எல்லோரையும் பொதுவான ஒரு புள்ளியை நோக்கிச் சுருக்கினால் மொத்தப் பிழை குறையும். எக்செலில் இது ஒரு வரி. ஒரு மிட்ஃபீல்டர் 720 நிமிடம், அதாவது 8 முழு ஆட்டம் ஆடி, பெனால்டி போக 3.6 எக்ஸ்ஜி சேர்த்திருக்கிறார் என்று வையுங்கள். விகிதம் 0.45. அவர் மாதிரி தாக்குதல் மிட்ஃபீல்டர்களின் சராசரி 0.20 என்று வையுங்கள். அந்தச் சராசரியில் ஆடிய 8 கற்பனை ஆட்டங்களை அவர் கணக்கில் சேருங்கள்: 3.6-உடன் 1.6 சேர்த்து 5.2, அதை 16-ஆல் வகுத்தால் 0.325. இதுதான் நீங்கள் பயன்படுத்த வேண்டிய எண்.

ஏன் 8? அது தொடக்கத்துக்கு ஒரு நியாயமான அளவு, அவ்வளவுதான். உங்கள் பழைய தரவில் 5, 8, 12 என்று மாற்றிப் போட்டு எது குறைந்த பிழை தருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ஜிக்குப் பதிலாக வெறும் கோலை வைத்து இதைச் செய்தால் 8 போதாது, இருபதுக்கு மேல் வேண்டும், கோல் அவ்வளவு தாவித் தாவிப் போகிற எண். போன பருவம் அதே கிளப்பில் அதே இடத்தில் ஆடியவராக இருந்தால் பொதுச் சராசரிக்குப் பதில் அவருடைய போன பருவ விகிதத்தையே போடலாம், இன்னும் நல்லது.

பெஞ்சிலிருந்து வருகிறவர்களிடம் உஷாராக இருங்கள். கடைசி இருபது நிமிடத்தில், களைத்த டிஃபென்ஸுக்கு எதிரே, ஆட்டம் திறந்து கிடக்கும்போது இறங்குபவரின் "90 நிமிடத்துக்கு" எக்ஸ்ஜி பயங்கரமாகத் தெரியும். அவரைத் தொடக்கத்திலிருந்து இறக்கினால் அந்த விகிதம் நிற்காது. 450 நிமிடத்துக்குக் கீழே ஆடியவர்களின் விகிதத்தைத் தனி நிறம் போட்டு வையுங்கள்.

அணியின் பலத்துக்கு வருவோம். எஃப்பிஎல் தளம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 1 முதல் 5 வரை கடினத்தன்மை எண் போடுகிறது. அதை வைத்து ஓடாதீர்கள். அது தாக்குதலையும் தடுப்பையும் ஒன்றாக்கிவிடுகிறது. நிறையக் கோல் அடித்து நிறையக் கோல் வாங்குகிற அணி உங்கள் ஃபார்வர்டுக்கு விருந்து, டிஃபென்டருக்கு வினை. இரண்டையும் பிரிக்கும் முறை 1982-இல் மேஹர் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது: ஒவ்வொரு அணிக்கும் ஒரு தாக்குதல் எண், ஒரு தடுப்பு எண், சொந்த மைதானத்துக்கு ஒரு கூடுதல். 1997-இல் டிக்சனும் கோல்ஸும் (Dixon, Coles) அதில் 0-0, 1-1 போன்ற குறைந்த ஸ்கோர்களுக்குத் திருத்தமும், அண்மை ஆட்டங்களுக்குக் கூடுதல் எடையும் சேர்த்தார்கள். விடுதி மினி லீக்குக்கு மேஹரே போதும்.

செய்வது இப்படி. ஓர் அணி ஒரு ஆட்டத்துக்கு உருவாக்கும் லீக் சராசரி எக்ஸ்ஜி 1.45 என்று வையுங்கள். உங்கள் அணி 1.80 உருவாக்குகிறது: தாக்குதல் எண் 1.24. எதிரணி 1.70 விட்டுக்கொடுக்கிறது: தடுப்பு எண் 1.17 (இது 1-ஐத் தாண்டினால் தடுப்பு பலவீனம்). சொந்த மைதான அணியின் லீக் சராசரி 1.6 என்றால், 1.24 பெருக்கல் 1.17 பெருக்கல் 1.6, வருவது 2.32 கோல். மறுபக்கம் எதிரணியின் தாக்குதல் எண் 0.80, உங்கள் அணியின் தடுப்பு எண் 0.80, வெளி அணியின் சராசரி 1.3 என்றால் 0.83 கோல். இந்த 0.83-ஐ எக்செலின் எக்ஸ்ப் (EXP) ஃபங்ஷனில் மைனஸ் போட்டுக் கொடுத்தால் கிளீன் ஷீட் வாய்ப்பு: 0.436. டிஃபென்டருக்கு 4-ஆல் பெருக்கி, 60 நிமிடம் ஆடும் வாய்ப்பாலும் பெருக்குங்கள். அணி எண்களையும் வீரர்களைப் போலவே லீக் சராசரியை நோக்கி இழுத்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் ஐந்தாவது வாரத்தில், கீழ் லீக்கிலிருந்து புதிதாக மேலே வந்த அணி ஒன்று உலகின் சிறந்த டிஃபென்ஸ் மாதிரி தெரியும்.

சொந்த மைதானக் கூடுதலை எப்போதும் நிலையானதாக நினைக்க வேண்டாம். ரசிகர்கள் இல்லாமல் ஆடிய 2020-21 பருவத்தில் வெளி அணிகளின் வெற்றிகள் சொந்த மைதான வெற்றிகளைத் தாண்டிவிட்டன. அந்தப் பருவத்தை உங்கள் சராசரியில் சேர்த்தால் எண் கெடும்.

தடுப்பாட்டப் புள்ளியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் இதைத் தவறவிடுகிறார்கள். அது எல்லை வைத்த புள்ளி. சராசரி 8 செயல் செய்யும் டிஃபென்டர் 10-ஐத் தொட வாய்ப்பு, பாய்சான் கணக்கில் 28 சதவீதம். சராசரி 9 என்றால் 41, 10 என்றால் 54. ஒரே ஒரு செயல் கூடினால் வாரத்துக்குக் கால் புள்ளி கூடுகிறது. ஆகவே சராசரியைப் பார்த்து "9 தானே, எல்லை 10, கிடைக்காது" என்று தள்ளாதீர்கள். பாய்சானை நம்ப மனமில்லை என்றால் அவர் 60 நிமிடம் தாண்டிய ஆட்டங்களில் எத்தனையில் 10 தொட்டார் என்று நேராக எண்ணுங்கள். இன்னொன்று: பந்தை எப்போதும் தன்னிடமே வைத்திருக்கும் பெரிய அணியின் டிஃபென்டருக்குக் கிளியர் செய்யவே வேலை வராது. அவருக்குக் கிளீன் ஷீட், கீழ்நிலை அணியின் சென்டர் பேக்குக்கு (நடுவில் நிற்கும் டிஃபென்டர்) கிளியரன்ஸ். இரண்டையும் ஒருவரிடமே எதிர்பார்த்து அதிக விலை கொடுப்பது வீண்.

கோல்கீப்பரின் சேவும் அதே வகை. ஆட்டத்துக்குச் சராசரி 3 சேவ் செய்பவருக்கு 1 புள்ளி என்று போடுவார்கள். இரண்டு சேவ் செய்த வாரம் பூஜ்யம், ஐந்து செய்த வாரமும் ஒன்றுதான். சரியாகக் கூட்டினால் 0.66 வருகிறது.

மேலே சொன்ன அந்த மிட்ஃபீல்டரை முழுதாகக் கூட்டிப் பார்ப்போம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காகப் போட்டவை. தொடங்கும் வாய்ப்பு 0.85, தொடங்கினால் சராசரி 82 நிமிடம். பெஞ்சிலிருந்து வரும் வாய்ப்பு 0.10, வந்தால் 20 நிமிடம். எதிர்பார்க்கும் நிமிடம் 71.7, அதாவது ஒரு ஆட்டத்தில் 0.80 பங்கு. தொடங்கினால் நூற்றுக்கு 92 முறை 60-ஐத் தாண்டுவார் என்றால், 60 தாண்டும் வாய்ப்பு 0.78, அதற்குக் குறைவாக ஆடும் வாய்ப்பு 0.17. ஆடியதற்கான புள்ளி 1.73. அவர் அணியின் வழக்கமான எதிர்பார்ப்பு 1.5 கோல், இந்த வாரம் 1.8 என்றால் பெருக்க வேண்டிய எண் 1.2. கோல்: 0.325 பெருக்கல் 0.80 பெருக்கல் 1.2, ஏறக்குறைய 0.31, புள்ளியில் 1.56. சுருக்கிய எக்ஸ்ஏ 0.175 என்றால் அசிஸ்டுக்கு 0.50. எதிரணியின் எதிர்பார்ப்பு 1.1 கோல் என்றால் கிளீன் ஷீட்டுக்கு 0.26. தடுப்பாட்டத்துக்கு 0.20, போனஸுக்கு 0.40, மஞ்சளுக்கு 0.12 கழிவு. மொத்தம் 4.53. அசிஸ்டில் மட்டும் சற்றே கூட்டிக்கொள்ளலாம், ஏனென்றால் பெனால்டி வாங்கிக் கொடுத்தவருக்கும், ஷாட் தடுக்கப்பட்டு இன்னொருவர் உள்ளே தள்ளினாலும் எஃப்பிஎல் அசிஸ்ட் தருகிறது, எக்ஸ்ஏ அதையெல்லாம் பார்ப்பதில்லை.

இதே வேலையை இருபது அணிகளின் எல்லா வீரர்களுக்கும் செய்ய வேண்டாம். நீங்கள் உண்மையில் வாங்க யோசிக்கும் நாற்பது, ஐம்பது பேருக்குப் போதும்.

முறையைச் சோதிப்பதில் இரண்டு குழிகள். ஒன்று, நாளைய தகவல் நேற்றைய கணிப்புக்குள் கசிவது. பத்தாவது வாரத்தைக் கணிக்கும்போது ஒன்பதாவது வாரம் வரை கிடைத்த தரவு மட்டும்தான் இருக்க வேண்டும். பருவ முடிவில் இறக்கிய கோப்பை வைத்துப் பின்னோக்கிச் சோதித்தால் எல்லோருமே ஞானிதான். சேமிக்கச் சொன்ன நகல்கள் இதற்குத்தான். இரண்டாவது, பிழையை எதில் அளப்பது என்பது. பெரும்பாலான வீரர்களின் வாரப் புள்ளி 1 அல்லது 2, எப்போதாவது 12. எளிய சராசரிப் பிழையில் அளந்தால் எல்லோருக்கும் "2" என்று எழுதியவர் நன்றாகக் கணித்தவர் மாதிரி தெரிவார்! வர்க்கப் பிழையில் (ஒவ்வொரு பிழையையும் அதே எண்ணால் பெருக்கிச் சராசரி எடுப்பது) அளங்கள், அல்லது இன்னும் நேராக, ஒவ்வொரு வாரமும் உங்கள் முறை மேலே வைத்த 11 பேரின் உண்மைப் புள்ளியைக் கூட்டி, "பருவச் சராசரிப் புள்ளி" என்ற எளிய முறையின் 11 பேரோடு ஒப்பிடுங்கள். அந்த எளிய முறையை வெல்லவில்லை என்றால் உங்கள் எக்செல் அழகாக இருக்கிறது, அவ்வளவே.

அதிர்ஷ்டமா என்று கேட்டீர்களே, அதற்கும் கணக்கு இருக்கிறது. மேலே பார்த்த மிட்ஃபீல்டருக்கு எதிர்பார்ப்பு 4.53, ஆனால் அவரது வாரப் புள்ளியின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து எவ்வளவு மேலும் கீழும் ஆடும் என்ற அளவு) 3-க்கு மேல். உங்கள் தேர்வு நண்பரின் தேர்வைவிட ஆளுக்கு 0.3 புள்ளி சிறந்தது என்று வைத்தால், 11 பேருக்கு வாரம் 3.3 புள்ளி முன்னிலை. இரண்டு அணிகளின் வித்தியாசமோ வாரத்துக்கு வாரம் 15 புள்ளி அளவில் ஆடும். இருவரும் முற்றிலும் வேறு வீரர்களை வைத்திருந்தால், 12 வாரத்தில் ஒரு நண்பரை நீங்கள் முந்தியிருக்க வாய்ப்பு ஏறக்குறைய 78 சதவீதம், 38 வாரத்தில் 91. பாதி வீரர்கள் பொதுவாக இருந்தால் இந்த எண்கள் மாறும், ஆனால் போக்கு இதுதான். 12 வாரத்துக்குள் நல்ல முறையும் ஐந்தில் ஒரு முறை தோற்கும். ஆனால் 14 பேரில் 13-ஆம் இடம் என்பதை முழுக்க அதிர்ஷ்டத்தின் தலையில் கட்ட முடியாது, மன்னிக்கவும்.

இலவச டிரான்ஸ்ஃபர் (ஒருவரை விற்று இன்னொருவரை வாங்குவது) தீர்ந்த பிறகு, கூடுதல் டிரான்ஸ்ஃபருக்கு 4 புள்ளி கொடுப்பதற்கு முன், வருகிறவர் போகிறவரைவிட அடுத்த எத்தனை வாரத்தில் 4-க்கு மேல் ஈட்டுவார் என்று கூட்டிப் பாருங்கள். வாரத்துக்கு 0.6 கூடுதல் என்றால் ஏழு வாரம் ஆகும், அதற்குள் யாருக்காவது தொடையில் பிடித்துவிடும். இலவச டிரான்ஸ்ஃபரை இப்போது 5 வரை சேர்த்து வைக்கலாம், காத்திருப்பது பல சமயம் சரியான முடிவு. நாளை 0.1 விலை ஏறும் என்ற பயத்தில் செவ்வாய்க்கிழமையே வாங்கிவிட்டு, புதன்கிழமை ஐரோப்பிய ஆட்டத்தில் அவர் நொண்டிக்கொண்டு வெளியேறுவதைப் பார்ப்பது எஃப்பிஎல்லின் பழைய சோகம். விற்கும்போது ஏறிய விலையில் பாதிதான் கைக்கு வரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேப்டனுக்கு எண்ணில் மேலே இருப்பவர், பேச்சே இல்லை. மற்றவர்களிலிருந்து மாறுபட்டவரை வைக்கும் எண்ணம் வர வேண்டியது மினி லீக்கில் நீங்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தால் மட்டும். கோல்களைக் குவிக்கிற ஃபார்வர்டு ஹாலந்தை எல்லோரும் கேப்டனாக்கும் வாரத்தில், எதிர்பார்ப்பு கால் புள்ளி மட்டுமே குறைந்த இன்னொருவரை நீங்கள் வைத்தால் இடைவெளி குறைய வாய்ப்பு உண்டு. இரண்டு புள்ளி குறைந்தவரை வைப்பது வீம்பு. முதலிடத்தில் இருக்கிற நண்பருக்கு இதற்கு நேர் எதிரான வேலை: மற்றவர்கள் வைத்திருப்பவர்களையே வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பது.

காசு வைத்து ஆடும் செயலிகளில் இந்தக் கணக்கை ஓட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்கிறது. எஃப்பிஎல் இலவசம், அதில் சிக்கல் இல்லை.

கடைசியாக நேரம். ஒரு வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு 90 நிமிடம் முன்பு டெட்லைன். தொடக்க அணி அறிவிப்பு 75 நிமிடம் முன்புதான் வரும். அதாவது பட்டியலைப் பார்த்துவிட்டு மாற்ற உங்களை விடமாட்டார்கள். சனிக்கிழமை அங்கே மதியம் 12.30-க்கு முதல் ஆட்டம் என்றால் நமக்கு டெட்லைன் மாலை 3.30. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிய பிறகு மார்ச் கடைசி வரை அது 4.30. வெள்ளி இரவு 8 மணி ஆட்டத்தோடு வாரம் தொடங்கினால் டெட்லைன் நமக்கு இரவு 11, குளிர்காலத்தில் சரியாக நள்ளிரவு 12. சனிக்கிழமை ஆட்டங்களுக்கான பயிற்சியாளர் பேட்டிகள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை நம் மாலை நேரத்தில் வந்துவிடும். எண்களை வியாழனன்றே முடித்து வையுங்கள். வெள்ளி மாலை பேட்டிகளைப் பார்த்து, அந்த மூன்று கட்ட நிமிட வாய்ப்பை மட்டும் திருத்தினால் போதும், மற்ற எல்லா வரியும் எக்செலில் தானாக மாறிக்கொள்ளும்.